வீடியோ மீட்டிங்: சின்னக் கம்பெனிக்கு எது போதும்?

திருப்பூரில் பி.என். ரோட்டை ஒட்டி ஒரு பனியன் கம்பெனி. முப்பது தையல் மெஷின், ஆர்டர்களைக் கவனிக்கும் இரண்டு மெர்ச்சண்டைசர், ஒரு பேட்டர்ன் மாஸ்டர், கணக்கு பார்க்க ஒரு பெண். பையர், அதாவது சரக்கு வாங்குபவர், ஒருவர் ஜெர்மனியில், இன்னொருவர் டென்மார்க்கில். நான் அந்தப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலை பார்ப்பவன். போன வாரம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது முதலாளி கேட்டார்:

"தம்பி, இந்த ஜூம் வாங்கறதுங்களா, கூகுள் மீட் வாங்கறதுங்களா? ஒரே வார்த்தையில சொல்லிப்போடுங்க."

"அண்ணா, உங்க மீட்டிங்ல யார் யாருங்க வர்றாங்க? எதைக் காட்டுறீங்க?"

அதற்குப் பதில் சொல்லவே அவருக்குப் பத்து நிமிடம் ஆனது. வாரத்துக்கு இரண்டு முறை ஜெர்மனி பையர் அழைக்கிறார், லிங்க் அவர்கள் அனுப்புவது. மாதம் ஒரு முறை டென்மார்க், அதற்கு லிங்க் இவர்கள் அனுப்ப வேண்டும். சாயம் போடும் டையிங் யூனிட்டோடும் எம்பிராய்டரி ஜாப் ஒர்க் ஆட்களோடும் பேசுவதெல்லாம் வாட்ஸ்அப்பில். அவ்வளவுதான். இதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது பாதிக் கேள்வி தானாகவே தீர்ந்துவிட்டது. அந்த உரையாடலையே கொஞ்சம் விரித்து, இப்போதுதான் இதில் இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், பலரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒரு விஷயம். பத்துப் பேர் மீட்டிங்கில் உட்கார்ந்தால் பத்துப் பேருக்கும் பணம் கட்ட வேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கல்யாண மண்டபத்துக்கு வாடகை கொடுப்பது கல்யாணம் நடத்துகிறவர். மொய்யோடு வருகிறவர் மண்டபத்துக்குப் பணம் கட்டுவதில்லை. இங்கும் அதே கணக்குத்தான். மீட்டிங்கை உருவாக்கி லிங்க் அனுப்புகிறவரை ஹோஸ்ட் என்கிறார்கள். கட்டண உரிமம் அவருக்கு மட்டும் போதும். நாற்பது பேர் வேலை செய்யும் கம்பெனியிலும் வெளியாட்களை மீட்டிங்குக்கு அழைப்பவர்கள் இரண்டு பேர்தான் என்றால், வாங்க வேண்டியது இரண்டு உரிமம்தான். விற்க வருகிறவர் ஆள் எண்ணிக்கையைக் கேட்டுப் பெருக்கிக் காட்டினால், அந்தப் பெருக்கலை நிறுத்தச் சொல்லுங்கள்.

இதிலிருந்து அடுத்தது. ஜெர்மனி பையரின் லிங்க்கில் போய் உட்காருவதற்கு அண்ணன் எதையும் வாங்க வேண்டியதில்லை. பெரிய வாங்கும் நிறுவனங்களில் அவர்களுடைய ஐடி பிரிவு ஒரு சேவையைத்தான் அனுமதித்திருக்கும், பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ். அவர்கள் லிங்க்கை குரோம் அல்லது எட்ஜ் பிரவுசரில் திறந்து, பெயரை அடித்து, விருந்தாளியாக உள்ளே போய்விடலாம். இப்படி எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயே பேச முடிவது வெப்ஆர்டிசி என்ற தொழில்நுட்பத்தால். கூகுள் 2011-இல் அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூலமாக வெளியிட்டது, 2021-இல் அது இணையத்தின் அதிகாரபூர்வத் தரமாகவே ஆகிவிட்டது. ஆக, முக்கால்வாசி மீட்டிங் பையர் பக்கத்திலிருந்து வருகிறது என்றால், நீங்கள் வாங்கப்போவது மிச்சக் கால்வாசிக்குத்தான்.

இலவசத்தில் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். ஜூம் இலவசக் கணக்கில் ஒரு மீட்டிங் 40 நிமிடம். 100 பேர் வரை வரலாம். இரண்டே பேர் பேசினாலும் அதே 40 நிமிடம்தான். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம், இருவர் மட்டும் என்றால் நாள் முழுக்கப் பேசலாம். டீம்ஸ் இலவசக் கணக்கிலும் குழு மீட்டிங்குக்கு 60 நிமிடம், 100 பேர். வாட்ஸ்அப்பில் 32 பேர் வரை வீடியோவில் சேரலாம், நேரக் கட்டுப்பாடு கிடையாது, திரையையும் காட்டலாம். டையிங் யூனிட்டில் இருக்கும் ஃபோர்மேனிடம் போய் லிங்க், பாஸ்கோடு என்று சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அவர் கையில் ஏற்கெனவே இருப்பது வாட்ஸ்அப், அதுவே அங்கே சரியான கருவி.

அப்படியானால் எப்போது காசு கொடுக்க வேண்டும்? நேரம் போதவில்லை என்பது ஒரு காரணம். பையர் விலை பேசிக்கொண்டிருக்கும்போது திரையில் இன்னும் பத்து நிமிடம் என்று எச்சரிக்கை வருவது பார்க்க நன்றாக இருக்காது. பேசியதைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது இன்னொன்று. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. காசு கொடுக்கும் எல்லாத் திட்டத்திலும் பதிவு வசதி வந்துவிடாது. கூகுள் ஒர்க்ஸ்பேஸை எடுத்துக்கொள்ளுங்கள். பிசினஸ் ஸ்டார்ட்டர் திட்டத்தில் 100 பேர் வரை பேசலாம், ஆனால் பதிவு செய்ய முடியாது. பதிவு வேண்டுமென்றால் அதற்கு மேலே உள்ள ஸ்டாண்டர்டுக்குப் போக வேண்டும். ஜூமில் நேர்மாறு: இலவசக் கணக்கிலேயே கம்ப்யூட்டரில் பதிவு செய்து அங்கேயே வைத்துக்கொள்ளலாம், அவர்களுடைய கிளவுடில், அதாவது அவர்கள் சர்வரில், வைக்கத்தான் காசு.

இன்னொரு கேள்வி, இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்: கம்பெனி மெயிலுக்கு ஏற்கெனவே யாருக்குப் பணம் கட்டுகிறீர்கள்? சொந்த டொமைனில், அதாவது கம்பெனிப் பெயரிலேயே உள்ள முகவரியில், மெயில் வைத்திருக்கும் கம்பெனிகள் பெரும்பாலும் கூகுள் ஒர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, ஜோஹோ இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும். மெயிலோடு மீட்டிங்கும் சேர்ந்தேதான் வந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பேசிக் வைத்திருப்பவர் கையில் 300 பேர் வரை அழைக்கும் டீம்ஸ் தூங்கிக்கொண்டிருக்கும். அவரே தனியாக ஜூமுக்கும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பார். இதை நான் எத்தனை கம்பெனியில் பார்த்திருக்கிறேன் என்று எண்ணவில்லை. நம் ஊர்ச் சேவை வேண்டுமென்பவர்களுக்கு சென்னையைத் தலைமையிடமாகவும் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் பெரிய அலுவலகமும் கொண்ட ஜோஹோவின் மீட்டிங் இருக்கிறது. கேரளத்தில் ஆலப்புழையைச் சேர்ந்த டெக்ஜென்ஷியா என்ற சின்ன நிறுவனம், இந்தியாவிலேயே வீடியோ மீட்டிங் மென்பொருள் உருவாக்க மத்திய அரசு 2020-இல் நடத்திய போட்டியில் வென்று ஒரு கோடி ரூபாய் பரிசு வாங்கியது. அவர்களுடைய வீகன்சோலும் உண்டு. வெளிக் கம்பெனி எதிலும் கணக்கு வேண்டாம் என்று நினைப்பவர்கள் ஜிட்சி பக்கம் போவார்கள். திறந்த மூல மென்பொருள், தங்கள் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். ஆனால் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். முப்பது மெஷின் கம்பெனிக்கு அது தேவையில்லாத தலைவலி என்பது என் எண்ணம்.

சேவை எதுவாக இருந்தாலும், மீட்டிங் சொதப்புவது பெரும்பாலும் நம் பக்கத்து இணைப்பால்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இது புரியும். மூன்று நான்கு பேர் பேசும்போது உங்கள் வீடியோ ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போவதில்லை. நடுவில் அந்த நிறுவனத்தின் சர்வர் ஒன்று இருக்கிறது. உங்கள் வீடியோ அதற்கு ஒரு முறை போகிறது, அது மற்றவர்களுக்குப் பிரித்து அனுப்புகிறது. சர்வர் இல்லாவிட்டால் ஆறு பேர் மீட்டிங்கில் உங்கள் கம்ப்யூட்டர் ஐந்து பிரதிகளை மேலே தள்ள வேண்டியிருக்கும். ஆக உங்களிடமிருந்து மேலே போவது ஒரே ஓட்டம்தான், ஆனால் அது தடைபடாமல் போக வேண்டும். நெட் கனெக்ஷன் வாங்கும்போது எல்லாரும் டவுன்லோடு வேகத்தைக் கேட்கிறார்கள். மீட்டிங்கில் உங்கள் முகம் உறைந்து நிற்பதும் குரல் ரோபோ மாதிரி உடைவதும் பெரும்பாலும் அப்லோடு வேகம், அதாவது உங்களிடமிருந்து மேலே போகும் வேகம், போதாததால்.

எவ்வளவு வேண்டும்? ஜூம் சொல்லும் கணக்கை எடுத்துக்கொண்டால், இருவர் பேசும் நல்ல தரமான வீடியோவுக்கு நொடிக்கு 600 கிலோபிட், 720பி தெளிவுக்கு 1.2 மெகாபிட், 1080பி தெளிவில் அனுப்ப 3.8 மெகாபிட். குரலுக்கு மட்டும் 100 கிலோபிட் கூட வேண்டாம். ஆக, இணைப்பு திணறும்போது முதலில் செய்ய வேண்டியது வீடியோவை அணைப்பது. பையர் உங்கள் முகத்தைப் பார்க்காமல் இருந்துகொள்வார், நீங்கள் சொல்லும் டெலிவரி தேதி கேட்காமல் போனால்தான் வம்பு. லேப்டாப்பை வைஃபையில் விடாமல் ரூட்டரிலிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்துச் செருகிவிடுங்கள். நூறு இருநூறு ரூபாய் செலவு, எந்தப் பிரீமியம் திட்டமும் தராத நிம்மதி. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஏறுவதற்குள் மோடம் அணைந்து மறுபடி எழுந்துவர சில நிமிடங்கள் ஆகும், அதற்குள் பையர் போய்விடுவார். மோடத்துக்கென்று சின்ன யூபிஎஸ் கடையில் கிடைக்கிறது.

இப்போது கார்மென்ட்ஸ்காரர்களின் சொந்தப் பிரச்சினைக்கு வருவோம்: சாம்பிளைக் காட்டுவது. அளவு சரியா என்று பார்க்கத் தைத்த ஃபிட் சாம்பிளைப் பார்க்க பையர் அழைக்கிறார் என்று வையுங்கள். மெர்ச்சண்டைசர் டி-ஷர்ட்டைத் தூக்கி லேப்டாப் கேமராவுக்கு முன்னால் பிடிக்கிறார். பின்னால் ஜன்னல், துணி முழுக்கக் கறுப்பாகத் தெரிகிறது. கழுத்து ரிப்பைக் காட்டச் சொன்னால் கை நடுங்குகிறது, ஃபோகஸ் போகிறது. மாஸ்டர் பக்கத்தில் நின்று அளவு டேப்பை வைத்துக்கொண்டு "நெக் டிராப் எட்டரைங்க" என்கிறார். கழுத்து இறக்கத்தின் அந்த எட்டரை திரையில் யாருக்கும் தெரியவில்லை.

இதற்கு விலை உயர்ந்த கேமரா வேண்டாம். அதே மீட்டிங்கில் செல்போனையும் இன்னொரு ஆளாகச் சேர்த்துவிடுங்கள். செக்கிங் டேபிளுக்கு மேலே ஒரு ஸ்டாண்டில் போனை மாட்டி, பின்பக்கக் கேமரா கீழே பார்க்கட்டும். துணியை டேபிளில் சுருக்கமில்லாமல் விரித்து, டேப்பை அதன் மேலேயே வையுங்கள். பையர் பக்கம் அந்தப் போனின் படத்தை மட்டும் பெரிதாக நிறுத்தி வைத்துக்கொண்டால் ("பின்" என்ற வசதி) திரை நிறைய டேப்பின் கோடுகள் தெரியும். ஒன்றை மறக்காதீர்கள்: போனில் மைக்கையும் ஸ்பீக்கரையும் சேர்த்தே அணைத்துவிட வேண்டும். ஒரே அறையில் இரண்டு கருவியில் ஒலி திறந்திருந்தால் ஒன்றின் சத்தத்தை மற்றொன்று பிடித்து ஊளையிடும். முதல் முறை எங்களுக்கு அப்படித்தான் ஆனது. ஜெர்மனிக்காரர் ஹெட்போனைக் கழற்றி வீசியதைத் திரையில் பார்த்தோம்.

ஷேடுக்கு, அதாவது துணியின் நிறத்துக்கு, மட்டும் வீடியோவில் ஒப்புதல் வாங்காதீர்கள். எவ்வளவு நல்ல சேவையாக இருந்தாலும் முடியாது. கேமரா தன் இஷ்டத்துக்கு வெள்ளையைச் சரிசெய்துகொள்ளும், பையரின் திரை இன்னொரு மாதிரிக் காட்டும், நடுவில் வீடியோவைச் சுருக்கும்போது நிற நுணுக்கம் கொஞ்சம் தொலையும். ஒரே துணி பகல் வெளிச்சத்தில் ஒரு மாதிரியும் கடை டியூப்லைட்டில் வேறு மாதிரியும் தெரியும் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். லைட் பாக்ஸில் டி65 (பகல் வெளிச்சம்), டிஎல்84 (கடை டியூப்லைட்) என்று விளக்கை மாற்றி மாற்றிப் பார்ப்பதே அதற்காகத்தான். திரையில் நேவி ப்ளூ கறுப்பாகவே தெரியும். சாயமிட்ட மாதிரித் துண்டான லேப் டிப்பைக் கூரியரில் அனுப்பி, கையில் பிடித்துப் பார்த்து, மெயிலில் எழுத்தாக ஒப்புதல் வரட்டும். மீட்டிங்கில் அதைப் பற்றிப் பேசலாம், முடிவு எடுக்கக் கூடாது.

சரி, பாதுகாப்பு. 2020 ஏப்ரலில், ஊரடங்கில் எல்லாரும் ஜூமுக்குள் புகுந்த சமயத்தில், அது பாதுகாப்பான தளம் அல்ல என்று மத்திய உள்துறை அமைச்சகம் அறிவுரை வெளியிட்டது. அழைக்காத ஆட்கள் மீட்டிங்குக்குள் நுழைந்து கலாட்டா செய்வது உலகம் முழுக்க நடந்தது. அதன் பிறகு ஜூம் நிறைய மாற்றியிருக்கிறது, அந்த வருடம் அக்டோபரில் முனைக்கு முனை மறையாக்கத்தையும் கொண்டுவந்தது. ஆனால் அன்று அமைச்சகம் தனிநபர்களுக்குச் சொன்ன சில யோசனைகள் இன்றும், எந்தச் சேவைக்கும், அப்படியே பொருந்தும். ஒவ்வொரு மீட்டிங்குக்கும் புது எண்ணும் கடவுச்சொல்லும் வையுங்கள். காத்திருப்பு அறையை இயக்கி, ஆளைப் பார்த்து உள்ளே விடுங்கள். திரையைக் காட்டும் உரிமையை ஹோஸ்டிடமே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நிரந்தர லிங்க்கை எல்லாப் பையருக்கும் கொடுத்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பையரோடு விலை பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு பையர் உள்ளே வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள், நான் சொல்ல வேண்டியதில்லை.

முனைக்கு முனை மறையாக்கம் என்றால், பேசுகிறவர்களைத் தவிர நடுவில் இருக்கும் சர்வராலும் கேட்க முடியாது என்று பொருள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சர்வராலேயே பார்க்க முடியாததை சர்வரில் எப்படிப் பதிவது? ஜூமில் அதை இயக்கினால் கிளவுடில் பதிவு செய்ய முடியாது, சாதாரணப் போனிலிருந்து டயல் செய்து சேரவும் முடியாது. புது டிசைனைக் காட்டும் மீட்டிங்குக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம், தினசரி பேச்சுக்கு அவசியமில்லை.

பதிவு என்றதும் ஒரு எச்சரிக்கை. ஜெர்மனியில் ஒருவர் தனிப்பட்ட முறையில் பேசுவதை அவர் சம்மதமில்லாமல் ஒலிப்பதிவு செய்வது அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி குற்றம். நம் நாட்டிலும் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சேவைகள் தாமாகவே பதிவு நடக்கிறது என்று திரையில் காட்டும்தான், ஆனாலும் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். டேபிளில் இன்னொரு போனை வைத்து ரகசியமாகப் பதிவு செய்யும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதை யாருமே யோசிப்பதில்லை. வேறொரு கம்பெனியில் நடந்தது. மெர்ச்சண்டைசர் பெண் தன் சொந்த ஜிமெயிலில் மீட்டிங் கணக்கு திறந்திருந்தார். ஒன்றரை வருடம் எல்லாப் பையருக்கும் அதிலிருந்துதான் லிங்க் போனது, சாம்பிள் மீட்டிங் பதிவுகள் எல்லாம் அந்தக் கணக்கோடு இருந்த டிரைவில். கல்யாணமாகி ஈரோட்டுக்குப் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை, யாரும் அவருக்குக் கம்பெனிக் கணக்கு கொடுக்கவே இல்லை. சரக்கில் குறை சொல்லிப் பையர் பணம் கேட்கும் ஒரு கிளெயிம் தகராறு வந்தபோது, அன்று பையர் என்ன சொன்னார் என்று பார்க்க, கைக்குழந்தையோடு இருந்த அவரிடம் போய் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நின்றோம். நல்ல வேளை, தேடிக் கொடுத்தார். கணக்கைக் கம்பெனி டொமைன் மெயிலில் திறங்கள். நிர்வாகி உரிமை முதலாளியிடமோ கணக்குப் பிரிவிலோ இருக்கட்டும். ஆள் மாறினால் உரிமத்தை அடுத்தவருக்கு மாற்றிவிடலாம்.

சேவையே மூடப்படுவதும் உண்டு. 2003-இல் வந்த ஸ்கைப்பை மைக்ரோசாஃப்ட் 2025 மே மாதம் மூடிவிட்டது. பல வருடமாக ஸ்கைப் ஐடியை விசிட்டிங் கார்டில் அச்சடித்து வைத்திருந்த ஏற்றுமதிக்காரர்கள் எனக்கே நாலைந்து பேரைத் தெரியும். பதிவுகளையும் தொடர்புகளையும் அவ்வப்போது உங்கள் கம்ப்யூட்டருக்கு இறக்கி வையுங்கள், கார்டில் மெயில் முகவரி மட்டும் போதும்.

பணம் கட்டும் விஷயத்தில் சொல்ல அதிகமில்லை. வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் விலை குறையும், ஆனால் முதல் இரண்டு மாதம் மாதக் கட்டணத்திலேயே ஓட்டிப் பாருங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். வாங்கும்போதே பில்லிங் பகுதியில் கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டுவிடுங்கள், பிறகு ஆடிட்டர் கேட்கும்போது பில்லைத் திருத்தி வாங்குவது பெரும்பாடு. முதலாளியின் சொந்த கிரெடிட் கார்டில் தானாகப் புதுப்பிக்கும்படி விட்டால், யாருமே பயன்படுத்தாத உரிமத்துக்கு வருடக்கணக்கில் பணம் போகும்.

இலவசமாகவே கிடைக்கும் ஒரு வசதியை நம் ஆட்கள் தொடுவதே இல்லை: காலண்டர் அழைப்பு. வாட்ஸ்அப்பில் "டுமாரோ ஒன் ஓ கிளாக்" என்று அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். யாருடைய ஒரு மணி? ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று திரும்ப வைப்பார்கள். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. அவர்களுடைய காலை ஒன்பது மணி, நமக்கு ஜூலையில் பன்னிரண்டரை, டிசம்பரில் ஒன்றரை. அமெரிக்கப் பையர் இருந்தால் அவர்கள் மாற்றும் தேதியே வேறு. மெயில் காலண்டரிலிருந்து அழைப்பு அனுப்பினால் இந்தக் கணக்கை அதுவே போட்டு, லிங்க்கையும் உள்ளே வைத்து, இரண்டு பக்கமும் சரியான நேரத்தில் நினைவூட்டும்.

அண்ணன் கம்பெனியில் கடைசியில் என்ன ஆனது என்றால், மெயிலுக்காக அவர்கள் ஏற்கெனவே கூகுள் ஒர்க்ஸ்பேஸ் ஸ்டார்ட்டரில்தான் இருந்தார்கள். மூத்த மெர்ச்சண்டைசரின் உரிமத்தை மட்டும் பதிவு வசதி உள்ள திட்டத்துக்கு ஏற்ற முடியுமா என்று பார்த்தோம். அதற்குள் டென்மார்க் பையர், இனி எங்கள் டீம்ஸ் லிங்க்கிலேயே பேசிக்கொள்ளலாம் என்று மெயில் அனுப்பிவிட்டார். ஆக, சேவைக்கென்று புதிதாக ஒரு ரூபாயும் செலவாகவில்லை. வாங்கியது ஒரு லேன் கேபிள், மோடத்துக்கு யூபிஎஸ், செக்கிங் டேபிளுக்கு மேலே மாட்ட ஒரு போன் ஸ்டாண்டு, தையல் மெஷின் சத்தம் உள்ளே போகாமல் இருக்க இரண்டு ஹெட்செட்.

"இதுக்குத்தானுங்களா இத்தனை நாளு யோசிச்சேன்?" என்றார் அண்ணன். பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, ஸ்டாண்டுக்கு மட்டும் ஐம்பது ரூபாய் குறைத்துக்கொள்ளச் சொல்லிக் கடைக்காரருக்குப் போன் போட்டார்.